பதினைந்தரை மில்லி காடி

ரவுட்டர் என்றதும் எல்லாரும் இணையத்துக்கு வைக்கிற பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்வது மரத்தைக் குடைகிற மெஷின். ஒரு கையில் பிடிக்கலாம். அடியில் ஒரு பிட்டை மாட்டி ஸ்விட்சைத் தட்டினால் தெருக்கோடி வரை கேட்கும். புக்கிட் ரோத்தானில் என் வீட்டுக் கார் போர்ச்சில் காருக்கு இடமில்லாமல் போனதற்கு அதுதான் காரணம். கார் வெளியே மழையில் நிற்கிறது, நியாத்தோ மரப் பலகைகள் உள்ளே நிழலில் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிப் புலம்புவார். புலம்பட்டும். பலகை நகராது.

இருபத்தாறு வருடம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் இருந்தேன். சாமான் சரியான அளவில் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதுதான் வேலை. இல்லை என்று சொல்லிவிட்டால் சூப்பர்வைசர் கெஞ்சினாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது நான் கூடப் போகவில்லை. வீட்டில் சும்மா இருந்த இரண்டாவது வாரமே பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் இந்த மெஷினை வாங்கினேன்.

ஆரம்பத்தில் படச்சட்டங்கள் செய்தேன். பிறகு கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள். இரண்டுக்குமே உயிர் காடிதான். கண்ணாடி உட்காருவதற்காகச் சட்டத்தின் உள் ஓரத்தில், பின்பக்கமாக, ஒரு படி மாதிரி வெட்டுவோமே, அதுதான் காடி. கடையில் ரிபேட் என்று கேட்டால்தான் அதற்கான பிட்டை எடுத்துத் தருவார்கள்.

அந்தப் பிட்டின் நுனியில் குட்டிப் பேரிங் ஒன்று இருக்கும். பேரிங் மரத்தின் ஓரத்தைத் தொட்டு உருளும். வெட்டுகிற வாய் பேரிங்கைவிட எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு தூரம் மரத்துக்குள் போகும். அதனால் பெரிய பேரிங் போட்டால் சின்னக் காடி, சின்னப் பேரிங் போட்டால் பெரிய காடி. ஒரே பிட்டுக்கு நான்கு பேரிங்குகள் டப்பாவில் வரும். கால் அங்குலம், அரை அங்குலத்தில் முக்கால் பாகம், முழு அரை அங்குலம் என்றெல்லாம் காடியை மாற்றிக்கொள்ளலாம். கோடு போட வேண்டாம், குறி வைக்க வேண்டாம். சட்டத்தை ஒட்டி முடித்தபிறகு உள்ளே ஒரு சுற்று ஓட்டினால் காடி தயார். மரத்தின் ஓரத்தை ஒட்டி நகரும் கைடு கட்டையை மெஷினில் பூட்டி, ஒவ்வொரு தடவையும் அளந்து அளந்து வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பேரிங் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

பிட் வாங்குவதில் ஒரே ஒரு முறைதான் ஏமாந்தேன். ஆன்லைனில் படம் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். அதன் தண்டு ஆறு மில்லி. என் மெஷினின் வாய் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லியைவிடக் கொஞ்சம், ஒரு தடித்த காகித அளவுதான், பெரிது. இறுக்கினேன், இறுகின மாதிரிதான் இருந்தது. ஓட்டும்போது பிட் மெல்ல மெல்ல இறங்கி, பத்து மில்லி ஆழத்தில் ஆரம்பித்த காடி பதினாறு மில்லியில் முடிந்தது. வாழ்நாள் முழுக்க அளவு பார்த்தவள் தண்டை அளக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிட்டாக இருந்தாலும் முதலில் தண்டில் அளவுமானியை வைப்பேன். அப்புறம் பேரிங்கைச் சுண்டிவிட்டுப் பார்ப்பேன், கரகரப்பு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வெட்டுவாயில் ஒட்டியிருக்கும் கார்பைடு தகடு எவ்வளவு தடிப்பு, ஒட்டின இடத்தில் ஓட்டை எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைக்காரர்கள் முகம் சுளித்தாலும் விடுவதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தையும் வைத்துக்கொண்டு நான் செய்த தப்பு மரத்தில் இல்லை, பிட்டிலும் இல்லை.

என் அக்காவைக் கெர்லிங் பக்கத்து எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்தார்கள். கூட்டுக் குடும்பம். சாமி மேடை மாமியாருடைய அறையில் இருந்தது. விளக்கு ஏற்றுவது மாமியார். அவருக்குக் கண் மங்கியதும் அந்த உரிமை மூத்த மருமகளுக்குப் போனது. அக்கா கடைசி மருமகள். விளக்கைத் துலக்குவாள், திரி திரிப்பாள், பூ கட்டுவாள், ஏற்றுகிற நேரத்தில் பின்னால் நின்று கும்பிடுவாள். முப்பத்திரண்டு வருடம் இப்படித்தான் போனது. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை, நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் ஒருநாள்கூட அவள் கையால் அந்த வீட்டில் விளக்கு ஏறவில்லை.

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு வீடு வாங்கினார்கள். சின்ன வீடு, தனி வீடு. அக்கா சமையலறையைப் பற்றிப் பேசவில்லை, பாத்ரூமைப் பற்றிப் பேசவில்லை. ஹாலில் கிழக்குப் பார்த்த ஒரு சுவரைக் காட்டி, "இது எனக்கு" என்றாள்.

அந்தச் சுவருக்கு நான் சாமி அலமாரி செய்து தருகிறேன் என்றேன். கெர்லிங் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். அத்தான் தட்டிலிருந்து தலை நிமிராமல், "கிள்ளான் கடையில ரெடிமேடாவே நல்ல நல்லதா வச்சிருக்கான்லா. இது சாமி விசயம். பழகிப் பாக்குற வேல இல்ல" என்றார். அத்தானுடைய அண்ணன்மார் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"என் தங்கச்சி செய்வா. அவ செஞ்சதத்தான் வைப்பேன்."

புகுந்த வீட்டார் முன்னால் அக்கா குரலை உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை. அத்தானும் கேட்டதில்லை போலிருக்கிறது, குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த அலமாரி கோணலாகப் போனால் எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அக்காவுக்குத்தான் அந்த வீட்டார் முன்னால் தலை குனியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கையில் ஒரு டேப்போடு வந்தாள். இந்தப் பக்கத்துச் சாமான் கடைகளில் எல்லாம் தொங்குமே, சீன எழுத்து அச்சடித்த டேப், அது. சென்டிமீட்டர் கோடுகளோடு இரண்டு வரிசை எழுத்துகள் ஓடும், கொஞ்ச தூரம் சிவப்பு, கொஞ்ச தூரம் கறுப்பு. சிவப்பில் நின்றால் நல்ல அளவு, கறுப்பில் நின்றால் கெட்ட அளவு. சீனர்களுடைய கணக்கு. ஆனால் எங்கள் ஆட்களும் இப்போது கட்டில் வாங்கினாலும் மேசை வாங்கினாலும் இதை இழுத்துப் பார்க்கிறார்கள். எழுத்து தெரியாது, நிறம் தெரிந்தால் போதும்.

"எல்லாமே செவப்புல வரணும்டி."

"வரும். உனக்கு எந்தச் செவப்பு வேணும் சொல்லு" என்று கிண்டல் செய்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மில்லிமீட்டருக்கு நல்லதும் கெட்டதும் கிடையாது, சரியும் தப்பும்தான் உண்டு.

இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் குத்துவிளக்குப் படம் செதுக்கிய கண்ணாடி. பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு என்பதால் சூடேற்றிக் கெட்டியாக்கிய கண்ணாடிதான் வேண்டும் என்று நான் சொன்னேன். அந்த வகையை ஒரு தடவை செய்தபிறகு அரை மில்லிகூட வெட்ட முடியாது, வெட்டினால் மொத்தமும் உப்புக்கல்லாக உதிர்ந்துவிடும். செய்து வருவதற்கு மூன்று வாரம் ஆகும். அதனால் அளவை அன்றே முடிவு செய்தோம். அக்கா டேப்பை இழுத்துப் பிடித்து, சென்டிமீட்டர் கோட்டை ஒட்டி இருந்த வரிசையில் சிவப்பைப் பார்த்தாள். "இருபத்தொம்பது புள்ளி நாலு" என்றாள். அகலத்துக்கு அது, உயரத்துக்கு அறுபத்தொன்பது. எழுதிக்கொண்டேன். இரண்டு வரிசை எதற்கு என்று நானும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் யாராவது இப்படி ஒரு அளவுகோலை என்னிடம் நீட்டியிருந்தால், இது என்ன, அது என்ன என்று குடைந்து எடுத்திருப்பேன்.

கண்ணாடி வந்தது. சட்டங்களை ஒட்டினேன், அரை அங்குலத்தில் முக்கால் பாகத்துக்கான பேரிங்கை மாட்டி உள்ளே ஒரு சுற்று ஓட்டினேன், மூலைகளை உளியால் சதுரமாக்கினேன். கண்ணாடியை வைத்ததும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அன்று நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். புது வீட்டில் வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சுகிறார்கள். கீல் மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை அதை வாங்கக் கடைக்குப் போனேன்.

கடை ஒரு சீனப் பெண்மணியுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எஸ்டேட் பக்கம் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். என்னைத் தங்காச்சி என்பார், நான் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்பேன்.

"எதுக்கு இவ்ளோ நல்ல கீலு?"

"அக்கா வீட்டுச் சாமி அலமாரிக்கு, தவுக்கே. கண்ணாடிகூட உங்க ஆளுங்க கணக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்லி, கல்லாவில் கிடந்த டேப்பை இழுத்து இருபத்தொன்பது புள்ளி நான்கில் விரலை வைத்துக் காட்டினேன். "பாருங்க, செவப்பு."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து மேல் வரிசைக்கு நகர்த்தினார். அங்கே கறுப்பு.

"கீழ பாத்தியா தங்காச்சி? கீழ் வரி செத்தவங்களுக்கு. கல்லறை கட்டுறப்போ, செத்தவங்க பேர் எழுதுற பலகை செய்யுறப்போ பாக்குறது. உயிரோட இருக்கிற வீட்டுக்கு மேல் வரிதான் பாக்கணும்."

நம்பிக்கை இல்லை என்று சொன்னேனே, அது எனக்கு. அக்காவுக்கு இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் காத்திருந்து அவள் வைக்கப்போகிற விளக்குக்கு நான் கல்லறை அளவில் கதவு செய்து வைத்திருக்கிறேன்.

"மாத்த முடியாதா?" என்றார்.

"கண்ணாடிய வெட்ட முடியாது தவுக்கே. புதுசு வர மூணு வாரம் ஆகும்."

அவர் யோசித்தார். என் முகம் எப்படி இருந்ததோ, ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். "கண்ணாடிய எதுக்கு அளக்கிற? கதவுன்னா வெளிச்சம் போற எடத்ததான் அளக்கணும். மரத்துக்குள்ள போனது கணக்குல வராது."

அந்த ஸ்டூலில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெளிச்சம் போகிற இடம் என்றால் சட்டத்தின் திறப்பு. நான் செய்த சட்டத்தில் அது இருபத்தேழு புள்ளி ஏழு. மேல் வரிசையில் அதுவும் கறுப்பு. சிவப்பு இருபத்தாறு புள்ளி எட்டோடு முடிந்துவிடுகிறது. ஆக, திறப்பைக் குறைக்க வேண்டும், கண்ணாடி அதே அளவில் இருக்க வேண்டும். அப்படியானால் கண்ணாடியின் ஓரங்கள் இன்னும் அதிகமாக மரத்துக்குள் போக வேண்டும், காடி அகலமாக வேண்டும். உயரம் நல்லவேளையாக இரண்டு வரிசையிலும் சிவப்பு, கொஞ்சம் குறைந்தாலும் சிவப்புதான். சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்தால் போதும், துண்டு ஒவ்வொன்றும் ஐந்தாறு மில்லி அகலம் கூடும், வெளி அளவு மாறாது, அலமாரியைத் தொட வேண்டாம். கணக்கு போடப் போட எனக்குத் தெம்பு வந்தது.

டப்பாவில் இருந்ததிலேயே சின்னப் பேரிங்கை எடுத்தேன். அது தருகிற காடி அரை அங்குலம், பன்னிரண்டே முக்கால் மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் திறப்பு இருபத்தேழுக்கு வருகிறது. இன்னும் கறுப்புதான். பேரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் பிட்டை ஓட்டலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அது விரலைக் கேட்கிற வேலை. இன்னும் பெரிய வாயுள்ள பிட் கிடைக்கும், ஆனால் அரை அங்குலத் தண்டு. என் மெஷின் அதை விழுங்காது, விழுங்கினாலும் சுழற்றத் தெம்பு இல்லை. திறப்பு இருபத்தாறரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். கோட்டை ஒட்டி நிற்கக் கூடாது, மழை நாளில் மரம் கொஞ்சம் அசையும், அக்காவும் டேப்பை இழுக்கிற இழுப்பில் ஒன்றிரண்டு மில்லி விடுவாள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒரு மில்லி மூச்சு விட்டால், காடி பதினைந்தரை மில்லி. விளக்குப் படத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் வெறும் கண்ணாடி இருந்தது, ஆகவே படம் மறையாது.

பதினைந்தரை மில்லிக்கு உலகத்தில் பேரிங் கிடையாது.

ஆகவே நான் இத்தனை நாள் சிரித்ததை நானே செய்தேன். பேரிங் இல்லாத, பன்னிரண்டு மில்லி நேர் பிட். கைடு கட்டை. அந்தக் கைடு கட்டை மெஷினோடு வந்தது, பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரித்திருக்கவில்லை. உறையைக் கிழிக்கும்போது என் வீட்டுக்காரர் காப்பியோடு வந்து நின்று, "அது எதுக்கு, நீதான் அதெல்லாம் வீண் வேலைன்னியே" என்றார். அவரைக் காப்பியோடு உள்ளே அனுப்பினேன்.

பேரிங்கில் ஓட்டும்போது சட்டத்தை முதலில் ஒட்டிவிடலாம். கைடில் அது முடியாது, மூலைக்கு முன்னால் கட்டை இடிக்கும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டிலும் காடி வெட்ட வேண்டும். இணைப்பு வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தவும் வேண்டும், ஓடிவிட்டால் வெளியே ஓட்டை தெரியும். இரண்டு கதவுக்கு எட்டுத் துண்டுகள். ஒன்பது அறுத்தேன். எது கெட்டுப்போகும் என்று தெரியாது, ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை கழிவுத் துண்டில் ஓட்டி அளந்தேன். பதினைந்து புள்ளி எட்டு. கைடை ஒரு மயிரளவு தள்ளினேன். பதினைந்து புள்ளி ஐந்து. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். முதலில் எட்டு மில்லி அகலத்துக்கு ஒரு ஓட்டம், அப்புறம் முழு அகலத்துக்கு ஒரு ஓட்டம். ஒவ்வொன்றையும் மூன்று மில்லி, மூன்று மில்லியாக மூன்று தடவை இறக்கினேன். நியாத்தோவை அவசரப்படுத்தினால் கருகும். இடமிருந்து வலமாகத்தான் மெஷினைத் தள்ள வேண்டும், மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைக் கடித்துக்கொண்டு தானே ஓடிவிடும். ஆறாவது துண்டில் முனைக்கு நான்கு விரல் இருக்கும்போது நார் பிளந்து ஒரு சிம்பு பறந்தது. ஒன்பதாவதை எடுத்தேன். மெஷினைத் திட்டவில்லை, அதற்கு முன்பே திட்டித் தீர்த்திருந்தேன்.

புதன்கிழமை ஒட்டினேன். வியாழக்கிழமை காலை கண்ணாடியை வைத்து, பின்னால் மெல்லிய ரீப்பர் அடித்து, கதவை மாட்டினேன். திறப்பு இரண்டு கதவிலும் இருபத்தாறு புள்ளி ஐந்து. வேலை பழைய சட்டத்தைவிட அழகாக இருந்தது என்று நான் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. அக்கா பார்ப்பது கீழ் வரிசை. கீழ் வரிசையில் இருபத்தாறரை கறுப்பு. அக்கா நிச்சயம் டேப்பை இழுப்பாள். அப்போது நான் மேல் வரிசையைப் பார் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். கீழ் வரிசை யாருக்கு என்று சொல்ல வேண்டும். அப்புறம் கண்ணாடி எந்த அளவில் இருக்கிறது என்பது அவளுக்கே புரிந்துவிடும், மரத்துக்குள் மறைந்திருந்தாலும் அது அங்கேதான் இருக்கிறது. அத்தான் பக்கத்தில் நிற்பார். மரத்தில் எனக்குப் பயம் கிடையாது. இதில் இருந்தது. புக்கிட் பெலிம்பிங்குக்கு லோரியில் அலமாரியை ஏற்றிப் போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். சுவரில் மாட்டி முடிக்கும்வரை அக்கா வரவில்லை, கெர்லிங்கில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். கோழை மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் போய்விட்டேன். அத்தானும் அவர் அண்ணன்மாரும் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியாரையும் அங்கேயே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஹாலில் அக்கா மட்டும் அலமாரிக்கு முன்னால் நின்றாள். கதவைத் தடவிப் பார்த்தாள். சட்டத்தின் மூலையில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் செருகியிருந்த டேப்பை எடுத்தாள்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லணும்" என்றேன்.

அவள் காதில் வாங்காதவள் போலத் திறப்பின் ஒரு பக்கத்தில் கொக்கியை வைத்து மறுபக்கம் வரை இழுத்தாள். கட்டை விரலை வைத்துப் பிடித்தாள். விரல் மேல் வரிசையில் இருந்தது. குனிந்து பார்த்தாள், இன்னொரு தடவையும் பார்த்தாள். அப்புறம் அடுத்த கதவு. அங்கேயும் மேல் வரிசைதான்.

"செவப்பு" என்றாள் மெதுவாக. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாத்திட்டியாடி?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடிக்குச் சொல்லிட்டு வந்த வாரமே தெரியும். பாப்பா போன்ல பாத்துச் சொன்னா, கீழ உள்ளது செத்தவங்களுக்குன்னு." பாப்பா என்பது அவள் மகள்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. வாசலில் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். "தெரிஞ்சும் சொல்லலையா? மூணு வாரமா? ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே மாத்தியிருப்பேன்ல?"

"கண்ணாடிய மாத்த முடியாதுன்னு நீதான சொன்ன? சொன்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிப்ப. நாளு தள்ளணும். ஏன் தள்ளுதுன்னு உங்க அத்தான் கேப்பாரு. கடையில வாங்கியிருக்கலாம்பாரு, எல்லாரும் சிரிப்பாங்க." டேப்பைச் சுருட்டினாள். "நான் கேட்ட அளவுதான, நீ என்னா செய்வ? அப்படியே மாட்டிக்கலாம்னு இருந்தேன்."

"அந்த அளவுலயா? அது என்னான்னு தெரிஞ்சுமா?"

"ஆமா."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. ரெண்டு நாள் தூக்கம் வரல." கண்ணாடியில் இருந்த குத்துவிளக்கைப் புடவை நுனியால் துடைத்தாள். "என்னா ஆயிடும், வந்தா எனக்கு வரட்டும்னு நெனச்சிக்கிட்டேன். நீ செஞ்சதத்தான் வைப்பேன்னு சொல்லிட்டேன்ல."

மூன்று நாள் நான் மரத்தோடு மல்லுக்கட்டியதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், பதினைந்தரை மில்லி என்றால் எவ்வளவு பெரிய வேலை என்று விளக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கீழ் வரிசையை நம்பாத எனக்கு அதைத் திருத்துவதில் ஒரு இழப்பும் இல்லை. அதை நம்பிய என் அக்கா, சாவுக்கான அளவு என்று தெரிந்துகொண்டே, அதற்கு முன்னால் நின்று தன் முதல் விளக்கை ஏற்ற இருந்தாள். என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், எங்கள் வீட்டில் யாரும் அப்படியெல்லாம் செய்வதில்லை. அவள் உடம்பு விறைத்து, பிறகு தளர்ந்தது.

பின்வழியாகச் சமையலறைக்குப் போயிருந்த அத்தான், பால் பொங்கப் போகிறது, வா என்று கூப்பிட்டார். அக்கா என் கையை விலக்கிவிட்டு, "இருங்க, வெளக்க ஏத்திட்டு வரேன்" என்றாள்.